எதுக்குன்னு சொல்லிட்டு எடு

பாகூர்
6.4.2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பி சேவியருக்கு அக்கா ஸ்டெல்லா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். மாமாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. பிரான்சில் லியோன் பக்கம் குளிர் விட்டதா? கம்பளியைத் துவைத்துப் போட்டுக்கொள்கிறாயா?

வெள்ளிக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் ஏதாவது கேட்டால் நீ சிரித்துவிட்டு, "இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் சப் சென்டரில் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் எடுக்கும் நாள். இந்த வாரம் பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் கையை நீட்ட மாட்டோம் என்றுவிட்டார்கள். எல்லோர் போனிலும் ஒரு வீடியோ சுற்றுகிறது. உயிரோடு இருக்கிற மனித மூளையை வைத்துக் கம்ப்யூட்டர் ஓட்டுகிறார்களாம். தவளக்குப்பம் டீக்கடையில் தொடங்கி எங்கள் தெரு வரைக்கும் இதே பேச்சு.

ஆண்டாள் என்று ஒரு பெண். லோடு ஆட்டோ ஓட்டுகிற அய்யனாரின் மனைவி. தலைப்பிள்ளை, நாலாம் மாதம். அவள்தான் முதலில் சொன்னாள்: "எங்க ரத்தத்த எட்த்துக்கினு போயி அதுலேர்ந்துதான் மூள செய்றாங்களாமே, சிஸ்டரு?"

"யாருடி சொன்னது? பொய்" என்றேன்.

"வீடியோவுல காட்றானே. அவன் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

மறுபடியும் பொய் என்றேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் உன் ஞாபகம் வந்தது. செல் வளர்க்கிற வேலை என்று நீ ஒருமுறை சொன்னாய். என்ன செல், எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். நான் அவர்களிடம் சொன்னது சரிதானா?

அக்கா
ஸ்டெல்லா

லியோன்
21.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். குளிர் விட்டுவிட்டது, கம்பளியையும் துவைத்துவிட்டேன். மாமாவை எலும்பு டாக்டரிடம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போ.

நீ சொன்னது பாதி சரி. உங்கள் சப் சென்டர் ரத்தம் எங்கேயும் போகாது. இங்கே ரத்தம் கொடுப்பவர்கள் எல்லாம் தெரிந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர்கள்.

ஆனால் வீடியோவில் வந்தது பொய் இல்லை. கொஞ்சம் ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்து, கருவில் இருந்த நிலைக்குத் திருப்பி, மூளை அணுவாக வளரவைக்க முடியும். அப்படி வளர்ந்ததைக் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு தகட்டின்மேல் பரப்புகிறோம். தகட்டில் நூலைவிட மெல்லிய மின்கம்பிகள் இருக்கும். அவற்றின் வழியாகச் சின்னதாகக் கரண்ட் கொடுத்து ஒரு கேள்வி கேட்டால், அணுக்களும் கரண்டிலேயே பதில் சொல்லும். தப்பாகச் சொன்னால் திரும்பக் கற்றுக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டு, ஒருநாள் காலையில் அது சரியாகப் பதில் சொல்வதைத் திரையில் பார்த்தேன். கத்திவிட்டேன் அக்கா, பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

என் வேலை சாப்பாடு கொடுப்பது. ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ரோஜா நிறத்தில் இருக்கும். சூடு நம் உடம்புச் சூடு, முப்பத்தேழு. கதவை அதிக நேரம் திறந்து வைத்தாலே அதற்கு ஆகாது.

பயம் உங்கள் ஊரில் மட்டும் இல்லை. இங்கேயும் சனிக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே எதிர்ப்பு அட்டை பிடித்துக்கொண்டு இருபது பேர் நிற்பார்கள். அதே நாளில் உள்ளே இந்தத் தகடுகளை வாடகைக்குக் கேட்டு நாலு கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பெண்களிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்.

தம்பி
சேவியர்

பாகூர்
9.5.2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு, இங்கு சுகம். வெயில் கொளுத்துகிறது. ஏரியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டது. மாமா ஊசி போட்டுக்கொண்டார், இப்போது மாடிப்படி ஏறுகிறார்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். பயத்தைப் போக்குவதாக நினைத்து, "என் தம்பியே அங்கேதான் வேலை செய்யறான், அவன் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தபடி இருக்கிறது. ஒருவர் மகனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டார். கோயிலில் பூசைக்குப் பிறகு இரண்டு பேர், கடவுள் வேலையில் உன் தம்பி கை வைக்கலாமா என்று சண்டைக்கு வந்தார்கள். பிரேமாவை உனக்குத் தெரியுமே. அவள் புருஷன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். அவள் கேட்டில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "அத அவரு தலயில வெச்சா பேசுவாராக்கா?" அவளுக்கு நான் என்ன சொல்ல?

குப்பு அக்காவும் வந்தது. களை எடுத்துவிட்டுக் கால் சேற்றோடு வாசலிலேயே நின்றது. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வேல செய்யுதா?" என்றது.

"செய்யுது."

"கூலி உண்டா?"

நான் சிரித்துவிட்டேன். குப்பு அக்கா சிரிக்கவில்லை. "வாடகைக்கு வுடறாங்கன்னு சொல்றியே. வாடக யாருக்குப் போவுது? லீவு உண்டா அதுக்கு? முடியாமப் போனா இன்னா பண்ணுவாங்க?" என்று வரிசையாகக் கேட்டது. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நானும் ஒன்று கேட்கிறேன். ரத்தம் கொடுத்தவர்கள் கையெழுத்துப் போட்டவர்கள் என்றாயே, அவர்கள் யார்? நீ சாப்பாடு கொடுப்பது யாருடைய ரத்தத்துக்கு?

ஆண்டாள் இந்தச் செவ்வாயும் வரவில்லை.

அக்கா

லியோன்
30.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். மாமா படி ஏறுவது சந்தோஷம்.

பிரேமாவிடம் மெதுவாகச் சொல். இது மருந்து இல்லை. யார் தலையிலும் வைக்க முடியாது. இதைக் காட்டி யாராவது சிகிச்சை செய்கிறேன் என்று அழைத்தால் போக வேண்டாம் என்று கட்டாயம் சொல்.

குப்பு அக்காவின் கேள்வியைப் படித்துச் சிரித்தேன். அது ஆள் இல்லை அக்கா. எறும்பின் மூளையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான அணுக்கள், அவ்வளவுதான். வலி தெரியாது, தான் இருப்பதும் தெரியாது. கூலி கேட்க வாயும் கிடையாது. ஐந்து மாதம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆறு மாதம் இருக்கும். பதில் நின்றுபோனால் சிவப்புப் பையில் போட்டுக் கொதிநீராவியில் வைத்து அப்புறப்படுத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை அடித்துவிட்டுக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டாயா? ஊரில் எல்லோருக்கும் பார்க்கிறாய், உனக்குப் பார்ப்பதில்லை.

தம்பி
சேவியர்

பாகூர்
15.6.2025

மரியே வாழ்க.

தம்பி, சுகம். சர்க்கரை பார்த்தேன், பரவாயில்லை. பிரேமாவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. "கேட்டுப் பாத்தேன், அவ்ளோதாங்கா" என்று போய்விட்டாள்.

மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதை விட்டுவிட்டாய்.

ஆண்டாள் வீட்டுக்குப் போனேன். முகம் வெளுத்திருக்கிறது, பாதம் வீங்கியிருக்கிறது. கண்ணின் கீழ்ச்சதையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைக் காகிதம். "ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கிறேன், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும்" என்று கெஞ்சினேன். அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வீடியோ பாத்து மொதல்ல பயந்தேன், சிஸ்டரு. இப்ப அதுக்குப் பயமில்ல. உன் தம்பி அங்கதான் இருக்குதுன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் பயம். நீ எட்த்து அனுப்புவ, உன் தம்பி வாங்கிக்கும்னு சொல்றாங்கோ."

பத்தொன்பது வருடமாக ஊசி பிடிக்கிற கை இது. இந்த ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகளை முதலில் தூக்கியது இந்தக் கைதான். திரும்பி வரும்போது தெருவில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூலி கேட்க வாய் கிடையாது என்று எழுதியிருந்தாய். பண்ணையில் நம் அப்பாவுக்கும் வாய் கிடையாது. சிரிக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

யாருடைய ரத்தம் என்று எழுது. தெரிந்தால்தான் நான் அவர்கள் முன்னால் நிற்க முடியும்.

ஸ்டெல்லா

பாகூர்
20.7.2025

தம்பி,

ஐந்து வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை போனில் மழையைப் பற்றிப் பேசினாய். நானும் மழையைப் பற்றிப் பேசினேன்.

புதன்கிழமை ஆண்டாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். அய்யனாரின் லோடு ஆட்டோவிலேயே பாய் விரித்துப் படுக்கவைத்து, அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்தால் ரத்த அளவு ஆறுக்கும் கீழே. உடனே ஏற்ற வேண்டும், பதிலுக்கு இரண்டு பேர் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

நான் ஒரு படுக்கையில், அய்யனார் பக்கத்துப் படுக்கையில். ஊசி குத்தும் முன் அவன் நர்ஸிடம் கேட்டான்: "இது ஆண்டாளுக்குத்தானே போவுது?"

"இல்லப்பா, இது வேற யாருக்காவது போவும். அவங்களுக்கு ஏத்தறது வேற ஒருத்தர் குடுத்தது."

கூரையைப் பார்த்தபடி படுத்தான். பிறகு, "எவனோ ஒருத்தன், முன்ன பின்ன தெரியாதவன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஒருநாள் தாமதித்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மறுபடி கேட்கமாட்டேன்.

ஸ்டெல்லா

லியோன்
4.8.2025

அன்புள்ள அக்கா,

என்னுடையது.

இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. நான் இங்கே சேர்ந்த முதல் வருடம். தற்காலிக வேலை. ரத்தம் கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்தால் வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பதினேழு பக்கம் பிரெஞ்சில் இருந்தது. எல்லாப் பக்கத்தையும் புரட்டினேன், படித்தேன் என்று சொல்ல முடியாது. ஆறு பேர் கொடுத்தோம். என்னுடையதுதான் நன்றாக வளர்ந்தது. இப்போது அலமாரியில் இருக்கிற நாற்பது தகடுகளில் இருபத்தாறு நான். எனக்கு எந்த ஊர் என்றே தெரியாத கம்பெனிகள் அவற்றை வாடகைக்கு எடுத்து, எனக்குத் தெரியாத கணக்குகளைப் போடுகின்றன.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் காலையில் கத்தினேன் என்று எழுதினேனே, அது என் அணுக்கள் சொன்ன பதில். அதை மட்டும் உனக்கு எழுதாமல் விட்டேன்.

எதற்கு மறைத்தேன் என்று கேட்பாய். சண்டை போடுவாய் என்று இல்லை. ஒரு பிள்ளையாவது இன்னொருவன் பண்ணையில் உடம்பைக் கொடுக்காமல் பிழைக்க வேண்டும் என்றுதான் அப்பா என்னைப் படிக்கவைத்தார். கூலி கேட்க வாய் இல்லை என்று எழுதித் தபாலில் போட்ட மறுநிமிடமே எனக்குக் கூசியது. மறுநாள் கதவைத் திறந்து திரவத்தை மாற்றும்போது ஒரு தகட்டில் சிந்திவிட்டேன்.

அது நான் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெட்டிப் போட்ட நகத்தை யாரும் தன்னுடைய ஆள் என்று சொல்வதில்லை. ஆனால் நகம் பதில் சொல்வதில்லையே அக்கா.

ஆண்டாளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அவளைப் பற்றி எழுது. என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது.

சேவியர்

பாகூர்
22.8.2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பி சேவியருக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்குத் தோன்றியது, ரத்தம் எடுத்த அன்று உனக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தார்களா என்பதுதான். கோபம் அதற்குப் பிறகு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், பொறுத்துக்கொள். போன வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் தேர். ஊரே அங்கே போய்விட்டு வந்து, செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பேர் சப் சென்டர் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். ஆண்டாள் மாத்திரை வாங்க வந்திருந்தாள், துணைக்குக் குப்பு அக்கா. எல்லோரையும் உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்தேன். நடுவில் நிறுத்தாமல் படித்தேன்.

குப்பு அக்காதான் முதலில் பேசியது. "கேட்டுக் குடுத்தானா, கேக்காம எட்த்தாங்களா?"

"கேட்டுத்தான். கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"இப்ப வேணாம்னா வுட்டுருவாங்களா?"

"தெரியல."

"எதுக்கு வாடகைக்குப் போவுதுன்னு அவனுக்குச் சொல்லுவாங்களா?"

"சொல்றதில்லன்னு எழுதியிருக்கான்."

"அப்ப இன்னாத்தக் கேட்டாங்க? கையெழுத்த மட்டும் கேட்டிருக்காங்க" என்றது.

அப்போது ஆண்டாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீ மட்டும் எங்ககிட்ட சொல்லியிருக்கிறியா, சிஸ்டரு? வந்தவுடனே கைய நீட்டுன்னுவ. நீட்டுவோம். குழாயில எட்த்து மூடி போட்டு டப்பாவுல வெப்ப. எதுக்கு, எங்க போவுது, மிச்சத்த இன்னா பண்றன்னு ஒருநாள் சொன்னதில்ல. அதான் அவன் வீடியோவுல சொன்னப்ப நம்பிட்டோம்."

யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பது வருடம், ஆயிரக்கணக்கான கைகள். ஒருத்திக்குக்கூடச் சொன்னதில்லை. சொன்னால் புரியாது என்று நினைத்தேனா, நேரம் இல்லை என்று நினைத்தேனா, அதுகூடத் தெரியவில்லை. உன் கம்பெனியாவது பதினேழு பக்கம் கொடுத்தது.

ஆண்டாள் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "எதுக்குன்னு சொல்லிட்டு எடு."

சொன்னேன். இந்தச் சொட்டு ரத்த அளவு பார்க்க, இது சர்க்கரைக்கு, இது இன்ன நோய் இருக்கிறதா என்று பார்க்க, மீதி இந்த மஞ்சள் பைக்குப் போகும், பையை எரிக்கக் கொண்டுபோவார்கள் என்று. அவள் எழுந்துபோய்ப் பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அன்று ஒன்பது பேருக்கு எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவேன்.

உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ செய். நான் எதுவும் சொல்லவில்லை.

உன் அக்கா

லியோன்
19.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஜூஸ் கொடுத்தார்கள், ஒரு பிஸ்கெட்டும் கொடுத்தார்கள்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். குப்பு அக்கா கேட்டதை ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் கேட்டேன். இதை வாடகைக்கு எடுப்பவர்கள் எதற்கு எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொல்வீர்களா? முடியாது, வாடிக்கையாளர் ரகசியம். இனி வேண்டாம் என்றால் நிறுத்துவீர்களா? அவர் நல்ல மனிதர். பைலை எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டினார். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. புதிதாகச் செய்யவேண்டாம் என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம். "ஆனால் சேவியர், அது நீ இல்லையே" என்றார். "இல்லைதான், ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம்" என்றேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என் ரத்தத்திலிருந்து புதுத் தகடு கிடையாது. இருப்பவை பிப்ரவரி வரை இருக்கும். அதுவரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். ரத்தம் கொடுத்த மற்ற ஐந்து பேரில் ஒருத்தி, போர்ச்சுகல்காரி, அவளும் பன்னிரண்டாம் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள்.

ஆண்டாளுக்கு மாதம் நெருங்கிவிட்டதே. முடிந்ததும் எழுது.

தம்பி
சேவியர்

பாகூர்
12.10.2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி ஆண்டாளுக்குப் பெண் பிள்ளை. இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான்தான் கூட இருந்தேன். பிறந்ததும் பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அய்யனார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். ரத்த வங்கி வாசலுக்கும் ஒரு டப்பா கொண்டுபோய், யார் கொடுத்தது என்று தெரியாததால் அங்கிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்தான்.

பிப்ரவரியில் உன் தகடுகள் முடிந்த பிறகு உனக்கு அங்கே வேலை இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மாடி அறையில் மாமா புது மின்விசிறி மாட்டியிருக்கிறார். யாருக்கு என்று கேட்டேன். "சும்மா மாட்டி வெச்சேன்" என்கிறார்.

அக்கா

லியோன்
24.2.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

கடைசித் தகடு நேற்றுக் காலை நின்றது. வெள்ளிக்கிழமையிலிருந்தே பதில் குறைந்துகொண்டு வந்தது. திரவத்தை மாற்றிப் பார்த்தேன். சூட்டைச் சரிபார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளிலும் போய்ப் பார்த்தேன். நேற்றுப் பத்து மணிக்குத் திரையில் கோடு நேராகிவிட்டது. யார் வாடகைக்கு எடுத்திருந்தார்கள், கடைசியாக என்ன கணக்குப் போட்டது என்று எனக்குத் தெரியாது.

சிவப்புப் பையில் போடுவது இன்னொருவர் வேலை. நேற்று நானே போட்டேன். போர்ச்சுகல்காரி பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு கையைக் கழுவினேன், இரண்டு முறை கழுவினேன்.

அழுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் பசித்தது அக்கா. அப்படி ஒரு பசி. கேன்டீனுக்குப் போய்ச் சோறும் மீனும் வாங்கி, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறுகிற அம்மா சிரித்துவிட்டு மூன்றாம் முறை தானாகவே வைத்தாள்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி ஊருக்கு வருகிறேன்.

உன் தம்பி
சேவியர்